யாரைவிட நன்றாகப் பேசுகிறாள்?

நீச்சல் வகுப்பு முடிந்து பிள்ளைகள் தலை துவட்டிக்கொண்டிருக்கும் நேரம். பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் வயதான வெள்ளைக்கார அம்மாள் ஒருவர் நம் மகளிடம் ஏதோ கேட்கிறார். தண்ணீர் எவ்வளவு ஜில்லென்று இருந்தது, கண்ணாடி எப்படி நழுவிப் போனது என்று அவளும் கையை ஆட்டி ஆட்டிச் சொல்கிறாள். அந்த அம்மாள் நம் பக்கம் திரும்பி, முகமெல்லாம் சிரிப்பாக, “உங்க பொண்ணு எவ்வளவு அழகா இங்கிலீஷ் பேசறா!” என்கிறார். நமக்குத் தலைகால் புரிவதில்லை. ஒன்றுக்கு மூன்று முறை நன்றி சொல்கிறோம். காரில் ஏறியதும் ஊருக்கு வாட்ஸ்அப்பில் அழைப்பு. “அம்மா, இன்னிக்கு ஒரு அமெரிக்கன் லேடி இவளப் பத்தி என்ன சொன்னாங்க தெரியுமா?” திருச்சியில் பாட்டிக்கும் பெருமை தாங்கவில்லை. கண் பட்டுவிடும், வீட்டுக்குப் போனதும் சுற்றிப் போடு என்கிறார்.

பின்சீட்டில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கும் மகள் பிறந்தது இங்கே, நியூஜெர்சியில். அவளுக்கு முழுசாக வரும் ஒரே மொழி ஆங்கிலம்தான். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற பிள்ளை. அன்று அதே இடத்தில் ஈரத்தலையோடு நின்ற மற்ற பிள்ளைகளும் ஆங்கிலம்தான் பேசினார்கள். அந்தப் பொன்னிற முடிக்காரப் பையனின் அம்மாவிடம் இதே பாராட்டு சொல்லப்பட்டதா? சொல்லப்படவில்லை என்றால், நம் மகள் யாரைவிட நன்றாகப் பேசினாள்?

இது புரியாத ஆட்கள் இல்லை நாம். வேறு யாருக்காவது நடக்கும்போது நன்றாகவே புரிகிறது. 2025 ஜூலை 9 அன்று வெள்ளை மாளிகையில் ஐந்து ஆப்பிரிக்க நாட்டுத் தலைவர்களுக்கு விருந்து. லைபீரியாவின் அதிபர் ஜோசப் போவாக்காய் பேசியதும், இவ்வளவு அழகான ஆங்கிலத்தை எங்கே கற்றீர்கள் என்று டிரம்ப் வியந்து கேட்டார். லைபீரியாவின் ஆட்சிமொழியே ஆங்கிலம். அமெரிக்காவிலிருந்து போன கறுப்பர்கள் 1820களில் குடியேறி, 1847இல் சுதந்திர நாடாக அறிவித்துக்கொண்ட மண் அது. அந்த வீடியோவை நாம் எத்தனை குழுக்களுக்கு அனுப்பிச் சிரித்தோம்! போவாக்காயிடம் கேட்டால் அது அவமானம் என்று நமக்குத் தெரிகிறது. நம் வீட்டுப் பிள்ளையிடம் சொன்னால் மட்டும் எப்படி அது சர்டிஃபிகேட் ஆகிவிடுகிறது?

நம் ஊர்ப் பெண்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ‘கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா’ என்ற பாராட்டை வாங்கி வளர்ந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! சொன்ன அத்தைக்குக் கெட்ட எண்ணம் கிடையாது, பாசத்தோடுதான் சொன்னார். ஆனால் கேட்டவளுக்கு அன்று ராத்திரி கண்ணாடி முன்னால் நின்றபோது ‘களை’ ஞாபகத்துக்கு வரவில்லை, முதல் பாதிதான் வந்தது. நீச்சல் குளத்து அம்மாளின் பாராட்டிலும் அந்த முதல் பாதி இருக்கிறது. அவர் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான். 

அமெரிக்காவில் இந்தப் பாராட்டுக்கு நீண்ட வரலாறு உண்டு. நமக்கு வெகுகாலம் முன்பே இதை வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் கறுப்பர்கள். ஃபிரெடரிக் டக்ளஸ் மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்து 1838இல் தப்பி வடக்கே வந்தவர். அடிமை ஒழிப்புக் கூட்டங்களில் அவர் மேடை ஏற ஆரம்பித்ததும், இத்தனை நன்றாகப் பேசுகிற ஆள் அடிமையாக இருந்திருக்கவே முடியாது என்று ஜனங்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கூடவே இருந்த வெள்ளைக்கார நண்பர்களே, பேச்சில் கொஞ்சம் பண்ணை வாடை இருக்கட்டும், அப்போதுதான் நம்புவார்கள் என்று புத்தி சொன்னார்கள். டக்ளஸ் என்ன செய்வார்? எங்கே பிறந்தேன், யாரிடம் அடிமையாக இருந்தேன் என்று பெயர் ஊரோடு 1845இல் தன் வரலாற்றை எழுதி வெளியிட்டார். அதனாலேயே பழைய எஜமானிடம் மறுபடி பிடிபடும் ஆபத்து வந்தது. கடல் கடந்து பிரிட்டனுக்குப் போய்த் தங்க வேண்டியதாயிற்று. நன்றாகப் பேசியதற்கு ஒரு மனிதர் கொடுத்த விலை இது.

அதெல்லாம் பழைய கதை என்பீர்கள். 2007 ஜனவரி கடைசியில், அதிபர் வேட்பாளராக ஜோ பைடன் களமிறங்கிய நாளிலேயே, சக வேட்பாளர் ஒபாமாவை அவர் பாராட்டியது செய்தியானது. தெளிவாகப் பேசுகிறவர், புத்திசாலி, சுத்தமானவர், இப்படி முன்னணிக்கு வந்த முதல் கறுப்பர் என்ற தொனியில் சொல்லியிருந்தார். ஒபாமா நிதானமாகவே பதில் சொன்னார்: ஜெஸ்ஸி ஜாக்சன், ஷெர்லி சிஷோம் போன்றவர்கள் தனக்கு முன்பே அதிபர் தேர்தலில் நின்றவர்கள், அவர்களை யாரும் பேசத் தெரியாதவர்கள் என்று சொல்ல முடியாது என்பது அதன் சாரம். பைடன் மறுபடி மறுபடி விளக்கம் சொல்ல வேண்டி வந்தது. அதே 2007இல்தான் டெரால்ட் விங் சூ என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும், அன்றாடப் பேச்சில் ஒளிந்து வரும் இன அவமதிப்புகளை வகைப்படுத்தி எழுதினார்கள். அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்த ஆசிய முகக்காரரிடம் ‘நல்லா இங்கிலீஷ் பேசறீங்க’ என்பது அந்தப் பட்டியலில் முன்வரிசையிலேயே இருக்கிறது. சூவும் அமெரிக்காவில் பிறந்த சீன வம்சாவளிக்காரர்தான். எத்தனை முறை கேட்டிருப்பாரோ!

சரி, வெளியார் சொல்வதை நாம் என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். வெளியாரை விடுங்கள். நம் வீட்டுக்குள் வருவோம்.

கிண்டர்கார்ட்டன் சேர்க்கை. பள்ளி ஒரு மொழிப் படிவம் அனுப்புகிறது. குழந்தை முதன்முதலில் பேசக் கற்ற மொழி எது? வீட்டில் பெரும்பாலும் பேசும் மொழி எது? சாதாரணக் கேள்விகள். ஆனால் படிவம் வந்த அன்று நம் வாட்ஸ்அப் குழு பற்றி எரிகிறது. “தமிழ்னு மட்டும் எழுதிடாதீங்க, ஈஎஸ்எல்ல போட்டுருவாங்க.” “எல்லாத்துக்கும் இங்கிலீஷ்னு போடுங்க, நாங்க அப்படித்தான் போட்டோம்.” “ஒருதடவ அதுல மாட்டினா ரெக்கார்டுல நிக்கும்.” யாரோ ஒருவர் தயங்கித் தயங்கி, “அது ஒரு சின்ன டெஸ்ட்தாங்க, தெரிஞ்சா விட்டுருவாங்க” என்று எழுதுகிறார். அவரை யாரும் கண்டுகொள்வதில்லை. அப்பா சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எல்லாக் கட்டத்திலும் ‘இங்கிலீஷ்’ என்று நிரப்புகிறார். பக்கத்தில் ஹோம்ஒர்க் செய்துகொண்டிருக்கும் மூத்தவன் எட்டிப் பார்க்கிறான். “அப்பா, நம்ம வீட்ல தமிழ்தானே பேசறோம்?” “சும்மா இரு, உனக்கொண்ணும் தெரியாது.” இந்த உரையாடலே தமிழில்தான் நடக்கிறது.

அந்தப் பையனுக்கு அன்று என்ன தெரிந்திருக்கும்? வீட்டில் பேசுகிற மொழி வெளியே சொல்லக்கூடாத ஒன்று என்பதா, அல்லது பள்ளிக்கூடப் படிவத்தில் பொய் எழுதலாம் என்பதா? இரண்டில் எதைக் கற்றுக்கொண்டான் என்றாலும் கற்றுக்கொடுத்தவர்கள் நாம்தான்.

நாம் தீண்டத்தகாததுபோல் பார்க்கிற அந்த ஈஎஸ்எல், அதாவது ஆங்கிலம் தாய்மொழி அல்லாத பிள்ளைகளுக்கான ஆங்கில வகுப்பு, எப்படி உரிமையானது என்பதையும் சொல்ல வேண்டும். சான் ஃபிரான்சிஸ்கோவில் ஆங்கிலம் புரியாமல் வகுப்பில் உட்கார்ந்திருந்த சீனக் குழந்தைகளுக்காகப் பெற்றோர்கள் வழக்குப் போட்டார்கள். உச்ச நீதிமன்றம் வரை போய் 1974இல் வென்றார்கள். லாவ் எதிர் நிக்கல்ஸ் என்று அந்த வழக்குக்குப் பெயர். புரியாத மொழியில் பாடம் நடத்திவிட்டு எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் கொடுத்தோம் என்று பள்ளி கையை விரிக்க முடியாது என்பது அன்று முடிவானது. நம்மைப் போன்ற முகமும் நம்மைப் போன்ற வீட்டு மொழியும் கொண்டவர்கள் போராடி வாங்கிய உரிமை. அதை நாம் தண்டனை என்று நினைத்து ஓடுகிறோம். ஏன்? நம் குழந்தையை ‘அந்த’க் குழந்தைகளோடு யாரும் சேர்த்துப் பார்த்துவிடக் கூடாதாம்.

டிரைவ்-த்ரூவில் வண்டி நிற்கிறது. மைக்கில் அப்பா, தண்ணீர் ஒன்று வேண்டும் என்று கேட்கிறார். “வாட்டர்.” மைக்கிலிருந்து, “ஸாரி?” மறுபடியும் “வாட்டர்”. மறுபடியும் “ஸாரி?” பின்சீட்டிலிருந்து பத்து வயது மகன் சீட் பெல்ட்டோடு முன்னால் எக்கி, “வாடர்!” என்று கத்துகிறான். அடுத்த நொடி புரிந்துவிடுகிறது. கார் நகர்கிறது. அப்பா சிரித்துச் சமாளிக்கிறார். அன்று முதல் அந்த வீட்டில் டிரைவ்-த்ரூ மகனின் வேலை. பிறகு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு போன் போடுவதும் அவன் வேலை. தண்ணீர்க் குழாய் ரிப்பேருக்கு ஆள் கூப்பிடுவதும் அவன் வேலை. “நீ பேசுடா கண்ணா, உன் ஆக்சென்ட்தான் அவங்களுக்குப் புரியும்.” அவன் போனில் பெரிய மனிதன் மாதிரிக் குரலை இறக்கிக்கொண்டு, அப்பாவின் பிறந்த தேதியையும் பாலிசி எண்ணையும் சொல்கிறான். மென்பொருள் நிறுவனத்தில் ஐம்பது பேரை மேய்க்கும் அப்பா, பக்கத்தில் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

இதில் பிள்ளைக்கு என்ன கஷ்டம், கெட்டிக்காரனாகத்தானே ஆகிறான் என்று தோன்றும். கூடவே இன்னொன்றும் ஆகிறான். அப்பாவின் குரல் மதிப்புக் குறைந்தது என்று முடிவுகட்டுகிறான். மிடில் ஸ்கூல் வந்ததும் ஆசிரியர் சந்திப்புக்கு “அம்மா மட்டும் வாங்க” என்கிறான், அல்லது “நான் கேட்டுச் சொல்றேன், நீங்க வரவேண்டாம்” என்கிறான். ஊரிலிருந்து ஆறு மாத விசாவில் வந்திருக்கும் பாட்டி பஸ் ஸ்டாப்பில் பக்கத்து வீட்டுக்காரரிடம் ஆசையாக நான்கு வார்த்தை பேசினால், பேத்தி தள்ளிப் போய் நின்றுகொள்கிறாள். நாம் பேத்தியைக் கண்டிப்பதில்லை. பாட்டியிடம், “அம்மா, அங்க யார்கிட்டயும் பேச வேணாம்மா” என்கிறோம். பேத்திக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது யார் என்று கேட்டால் பள்ளிக்கூடம், டிவி என்று கை காட்டுவோம். பாட்டியின் வாயை அடைத்தது டிவியா?

உச்சரிப்பை மாற்றிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நாம் மனசார நம்புகிறோம். நம்மில் பலர் சென்னை கால் சென்டரில் வாய்ஸ் அண்ட் ஆக்சென்ட் டிரெயினிங் எடுத்தவர்கள், அதனால் வந்த நம்பிக்கையாக இருக்கலாம். ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் டொனால்ட் ரூபின் என்பவர் செய்து 1992இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. ஆக்சென்ட் டியூஷன், ஸ்பீச் கோச் என்று பணம் கட்டும் ஒவ்வொரு பெற்றோரும் அதைப் படிக்க வேண்டும். மாணவர்களுக்கு ஒரு விரிவுரையின் ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினார். பேசியவர் ஒஹாயோ மாநிலத்துக்காரர், ஆங்கிலமே தாய்மொழி. பதிவு ஒன்றுதான், குரல் ஒன்றுதான். ஆனால் ஒரு பகுதி மாணவர்களுக்கு இவர்தான் பேசுகிறார் என்று வெள்ளைக்காரப் பெண்ணின் படம் காட்டப்பட்டது. இன்னொரு பகுதிக்கு ஆசியப் பெண்ணின் படம். ஆசிய முகத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டவர்கள், பேச்சில் வெளிநாட்டு உச்சரிப்பு இருந்ததாகச் சொன்னார்கள். அதோடு போகவில்லை. கேட்டதைப் புரிந்துகொண்டார்களா என்று சோதித்தபோது, அதிலும் அவர்கள் பின்தங்கினார்கள். குரலில் இல்லாத உச்சரிப்பைக் கண் கேட்டிருக்கிறது.

நம் பிள்ளையின் நாக்கைத் திருத்த ஆள் கிடைப்பார். எதிரில் இருப்பவரின் கண்ணைத் திருத்த எந்த ஊரில், மணிக்கு எத்தனை டாலருக்கு டியூஷன் கிடைக்கும்?

முகமே தெரியாத இடத்தில் என்ன நடக்கும் என்பதையும் ஒருவர் பார்த்திருக்கிறார். ஜான் பாவ் என்ற கறுப்பின மொழியியலாளர், கலிஃபோர்னியாவில் வாடகைக்கு வீடு தேடியபோது, போனில் இனிக்க இனிக்கப் பேசியவர்கள் நேரில் பார்த்ததும் வீடு இல்லை என்றார்கள். அவருக்குப் பல பேச்சு வழக்குகள் சரளமாக வரும். பிறகு அவரும் சக ஆய்வாளர்களும் அதையே சோதனையாக்கினார்கள். ஒரே ஆள், ஒரே வேண்டுகோள். ஒரு தடவை வெள்ளைக்காரர் பேச்சு வழக்கில், ஒரு தடவை கறுப்பர் வழக்கில், ஒரு தடவை மெக்சிகோ வம்சாவளியினர் வழக்கில் வீட்டுக்காரர்களுக்குப் போன். வெள்ளையர் மிகுந்த பகுதிகளில் கடைசி இரண்டு குரல்களுக்கு வீட்டைப் பார்க்க வரச் சொன்னவர்கள் குறைவு. 1999இல் வந்த ஆய்வு இது. முகம் தெரிந்தால் காது ஏமாற்றுகிறது, முகம் தெரியாவிட்டால் குரலே முகமாகிவிடுகிறது. இதற்கு நடுவில் நம் குழந்தை ‘வீ’யும் ‘டபிள்யூ’வும் சரியாகச் சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறது.

நமக்கு நெருக்கமான ஒருவர் கதையைச் சொல்கிறேன். ஷியாமளா கோபாலன் 1958இல், பத்தொன்பது வயதில், தனியாக பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கு வந்தார். 1964இல் முனைவர் பட்டம் பெற்றார். மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சியில் வாழ்நாளைச் செலவிட்டார். அவருடைய மூத்த மகள் 2024 ஆகஸ்ட் 22 அன்று சிகாகோவில் அதிபர் வேட்பாளராக மேடையில் நின்று அம்மாவைப் பற்றிச் சொன்னபோது, உயரம், நிறம் இவற்றோடு உச்சரிப்பையும் சேர்த்தே சொன்னார். அப்படிப்பட்ட அம்மாவை உலகம் சில வேளை எப்படி நடத்தியது என்பதை மூத்த பிள்ளையாகத் தான் பார்த்ததையும் சொன்னார். கமலா ஹாரிஸின் தாத்தா ஊரான துளசேந்திரபுரத்தில் பேனர் கட்டினார்கள். நாம் இங்கே அந்தப் பேச்சைப் பகிர்ந்து கண்கலங்கினோம். விஞ்ஞானியாக இருந்தும் ஷியாமளாவுக்கே அந்த நிலை என்றால், அதற்குக் காரணம் அவருடைய நாக்கு இல்லை என்பது தெளிவாகத் தெரிகிறதே. பிறகு ஏன் மறுநாள் காலை பிள்ளையிடம், “ஸ்கூல்ல என்னை மாதிரி பேசாத, நல்லா பேசு” என்கிறோம்?

இதுவரை நாம் வாங்கிக்கொள்ளும் பக்கம். கொடுக்கும் பக்கம் ஒன்று இருக்கிறது, அதைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன்.

குழந்தை நல மருத்துவமனையிலிருந்து வெளியே வருகிறோம். டாக்டர் கறுப்பர். காரில் உட்கார்ந்ததும் மனைவி கணவனிடமோ கணவன் மனைவியிடமோ சொல்வது: “பரவாயில்ல, ரொம்ப டீசன்ட்டா பேசறார்.” வீட்டு ஏஜென்ட்டைப் பற்றி: “பிளாக்தான், ஆனா பேச்சு நல்ல கிளியரா இருக்கு.” தமிழில்தானே சொல்கிறோம், பிள்ளைகளுக்கு எங்கே புரியப் போகிறது என்று ஒரு தைரியம். தமிழில் பதில்தான் வராதே தவிர, நம் பிள்ளைகளுக்கு அத்தனையும் புரியும். நீச்சல் குளத்து அம்மாள் நமக்குக் கொடுத்ததை அப்படியே பொட்டலம் பிரிக்காமல் அடுத்தவருக்குக் கொடுத்துவிடுகிறோம். பின்சீட்டில் இருப்பவர்கள் அதைப் பிரித்துப் பார்த்துக்கொள்கிறார்கள்.

ஸ்பெல்லிங் பீ போட்டியைப் பாருங்கள். 1985இல் பாலு நடராஜன் வென்றதிலிருந்து அது ஏறக்குறைய நம் குலதெய்வத் திருவிழா. 2019இல் எட்டுப் பேர் சேர்ந்து வென்றார்கள், அதில் ஏழு பேர் இந்திய வம்சாவளிப் பிள்ளைகள். ஐந்து வயதிலேயே வார்த்தைப் பட்டியலை நீட்டும் வீடுகள் நமக்குத் தெரியும். இந்த மொழி எங்களுடையதும்தான் என்று நிரூபிக்கிற பொறுப்பைக் குழந்தைத் தலையில் வைக்கிறோம். 2014இல் இந்திய வம்சாவளிப் பிள்ளைகள் இருவர் சேர்ந்து வென்றபோது, ஒரு அமெரிக்கர் ஜெயிக்கக் கூடாதா என்று சமூக ஊடகத்தில் எழுதியவர்கள் இருந்தார்கள். நமக்குக் கோபம் வந்தது, நியாயம். 2021இல் லூசியானாவைச் சேர்ந்த ஸாய்லா அவான்கார்ட் என்ற பதினான்கு வயதுப் பெண் வென்றாள். அந்தப் போட்டியில் வென்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கர். அவள் கடைசியாக எழுத்துக்கூட்டிச் சொன்ன வார்த்தை ‘முர்ரயா’. நம் கறிவேப்பிலையைத் தாவரவியலில் வெகுகாலம் வைத்திருந்த பேரினத்தின் பெயர் அது! மகிழ்ச்சியில் அவள் மேடையில் துள்ளிச் சுழன்றதைப் பார்த்து நம் வரவேற்பறைகளில் என்ன சொன்னோம்? “பரவாயில்லையே, அந்தப் பொண்ணு எவ்வளவு நல்லா பேசுது!”

இடையில் ஒரு நியாயமான ஆட்சேபணை இருக்கிறது. ஒரு மொழியைக் கஷ்டப்பட்டுக் கற்றவரைப் பாராட்டக் கூடாதா? தாராளமாகப் பாராட்டலாம். போன வருஷம் கோயம்புத்தூரிலிருந்து ஒரு வார்த்தை ஆங்கிலம் தெரியாமல் வந்த பையனிடம், ‘எவ்வளவு முன்னேறிட்டே!’ என்று ஆசிரியை சொன்னால் அது உழைப்புக்குக் கிடைத்த கூலி. அவர் அவனை அறிந்து சொல்கிறார். முகத்தை மட்டும் பார்த்துச் சொல்வதில்தான் கோளாறு.

அந்தக் கோளாறை நம் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியிலேயே பார்க்கலாம். அங்கே ஒரு பெண் படிக்கிறாள். அம்மா திருநெல்வேலிக்காரர், அப்பா நியூவார்க்கைச் சேர்ந்த கறுப்பர். ஆச்சி கூடவே இருந்து வளர்த்ததால் “ஏட்டி”, “வாங்க, இரிங்க” என்று அச்சு அசல் நெல்லைத் தமிழ். அவள் வாயைத் திறந்தால் போதும், சுற்றி நிற்கிற பெற்றோர் கையில் போன் வந்துவிடுகிறது. “ஐயோ, எவ்வளவு அழகா தமிழ் பேசறா! எங்கம்மா கத்துக்கிட்ட? இன்னொரு தடவ சொல்லு, அங்கிள் வீடியோ எடுக்கறேன்.” ஆண்டு விழா என்றால் குறள் சொல்ல முதல் வரிசையில் நிறுத்திவிடுவோம். சென்ற வருஷம் ஒருவர், தமிழில் திக்கித் திணறிய தன் மகனை இழுத்து வந்து அவள் எதிரிலேயே, “பாரு, அவளே எப்படிப் பேசறா, உனக்கென்ன கேடு?” என்றார். பையன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் தன் அம்மாவைப் பார்த்தாள். ஒரே வாக்கியத்தில் இரண்டு பிள்ளைகளை அடித்துவிட்டு அவர் காபி எடுக்கப் போய்விட்டார். நல்ல மனிதர், பள்ளிக்கு வருஷா வருஷம் ஸ்பீக்கர் செட் தருகிறவர்.

அந்த அம்மா யாரிடமும் சண்டைக்குப் போவதில்லை. இன்னொரு நாள் வேறொருவர் அதே வியப்போடு கேட்டபோது மட்டும், “அவ என் பொண்ணுங்க. வேற என்ன பாஷ பேசுவா?” என்றார்.

நீச்சல் குளத்தில் நாம் சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவுதான். சிரித்துக்கொண்டே, “ஆமாங்க, இவ இங்கயே பிறந்தவ” என்று. சண்டை இல்லை, பாடம் நடத்தல் இல்லை. இதை நாம் சொல்லாததால்தான் பிள்ளைகள் வளர்ந்து அவர்களே சொல்ல வேண்டியிருக்கிறது. நண்பர் வீட்டுப் பையன், பதினைந்து வயது. கடையில் ஒருவர் உன் ஆங்கிலம் அருமை என்றதற்கு, “நன்றி, உங்களுக்கும் நல்லாத்தான் வருது” என்றான். அவர் ஒரு கணம் விழித்துவிட்டுச் சிரித்தார். வீடு திரும்பும் வழியெல்லாம் பெற்றோர் அவனைத் திட்டினார்கள். பெரியவர்களிடம் அப்படியா பேசுவது, மரியாதை இல்லையா, வளர்ப்பு சரியில்லை என்று ஊர் பேசாதா என்றெல்லாம். அவன் சொன்னதில் எது தப்பு என்று அவர்களிடம் கேட்டேன். பதில் வரவில்லை, பஜ்ஜி வந்தது.

பிள்ளைகளுக்கு வசனம் எழுதிக் கொடுக்கச் சொல்லவில்லை. இன்ஷூரன்ஸ் போனை நாமே எடுத்துப் பேசுவோம். மூன்று தடவை ‘ஸாரி’ கேட்டால் நான்காவது தடவையும் சொல்வோம், கேட்பது அவர்கள் வேலை. பாட்டி பஸ் ஸ்டாப்பில் பேசட்டும். அடுத்த வருஷம் படிவத்தில் வீட்டு மொழி கேட்டால் தமிழ் என்று எழுதுவோம். டாக்டரைப் பற்றிக் காரில் பேசுவதானால் அவர் காய்ச்சலுக்கு என்ன சொன்னார் என்று பேசலாம்.

தமிழ்ப் பள்ளியில் இந்த வருஷ ஆண்டு விழா நிகழ்ச்சி நிரல் இன்னும் முடிவாகவில்லை. அந்தப் பெண் குறள் சொல்ல மாட்டேன் என்று ஆசிரியையிடம் சொல்லிவிட்டாள். நாடகத்தில் மாமியார் வேஷம் கேட்டிருக்கிறாளாம். மருமகளைப் போட்டு வாங்கு வாங்கென்று வாங்கும் பாத்திரம். கமிட்டியில் ரெண்டு பேர் யோசிக்கிறார்களாம். கொடுத்துவிடுங்கள், அந்த வசனத்துக்கு நெல்லைத் தமிழ்தான் சரிப்படும்.